திருத்திய குரல்

"அலை" என்ற சொல்லின் முடிவில் ஒரு மூச்சு இருந்தது.

தேனுகா முதலில் அதை மின்விசிறியின் சத்தம் என்றுதான் நினைத்தாள். திருகோணமலை லிங்கநகர் வீட்டின் பின்னறையில், மத்தியான வெக்கை யன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு வந்து, ஹெட்போனைக் காதோடு அழுத்தியபடி அந்த ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். அலை. சொல் முடிந்து ஒலியும் முடிந்துவிட வேண்டிய இடத்தில், ஒருத்தி வாயைத் திறந்து இன்னொரு சொல்லுக்கு ஆயத்தமாகிப் பிறகு வேண்டாமென்று விட்டதுபோல, ஈரமான மெல்லிய உள்மூச்சு ஒன்று. குரல் அவளுடையது. மூச்சும் அவளுடையதாகத்தான் இருக்கவேண்டும். ஆனால் அந்தச் சொற்களைப் பதிந்த நாட்களில், ஒவ்வொன்றினதும் முன்னையும் பின்னையும் வெட்டி, மூச்சோ எச்சில் சத்தமோ இல்லாமல் துடைத்து வைத்தவள் அவளேதான்.

'கடற்சொல்' என்று அதற்குப் பெயர். கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுவது அவளுக்குச் சம்பளத் தொழில். கடற்சொல் அவளுடைய ஆசை. வானிலைக்காரர் வெளியிடும் கடல் அறிவித்தலை எடுத்து, அவள் பதிந்து வைத்த சொற்களைக் கோத்துப் பேச்சாக்கி, சல்லியிலும் நிலாவெளியிலும் பட்டன் போன் வைத்திருக்கிற கடற்தொழிலாளருக்கு விடிகாலையில் அழைப்பெடுத்துச் சொல்லும். அழைப்பு எடுக்கிற பகுதியை எழுதியவள் கம்பசில் அவளோடு படித்த கிண்ணியா ஷாமிலா. இருவரும் அந்த நிரல் முழுவதையும், குரல் கோப்புகளோடு சேர்த்து, உலகத்தில் எவரும் வந்து பார்க்கவும் திருத்தம் அனுப்பவும் கூடிய ஒரு பொதுத் தளத்தில் போட்டிருந்தார்கள். எவரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமப் பக்கத்தில் தட்டிய அன்றைக்குத் தேனுகாவுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

எந்தக் கோப்பில் யார் கை வைத்தார் என்பது அந்தத் தளத்தில் அழியாமல் நிற்கும். தேடிப் பார்த்தாள். 'கேட்பவன்' என்ற பெயரில் யாரோ ஒருவர் ஒலியைச் சீர்செய்திருப்பதாகச் சொல்லித் திருத்தம் அனுப்பியிருந்தார். நல்ல வேலையாகத் தெரிந்ததால் ஷாமிலா அதை ஏற்றுக்கொண்டிருந்தாள். தேனுகா நன்றி சொல்லி, மூச்சு ஒன்று தவறுதலாகச் சேர்ந்துவிட்டது, எடுத்துவிட முடியுமா என்று பணிவாக எழுதினாள். பதில் உடனே வந்தது.

'அது நீங்கள் விட்ட மூச்சு. வெட்டியிருந்தீர்கள். திருப்பி வைத்தேன்.'

அதை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அந்தத் தளத்தில் விசித்திரமான ஆட்கள் நிறையப் பேர் உண்டு. ஒரு காற்புள்ளிக்காகக் கிழமைக்கணக்கில் சண்டை பிடிப்பவர்களை அவள் கண்டிருக்கிறாள். ஆனால் அதற்குப் பிறகு கேட்பவன் ஒவ்வொரு கோப்பின் அடியிலும் எழுதத் தொடங்கினான். முதலில் அவளுடைய 'ழ' சரியில்லை என்றான். பொம்பிளைக் குரலை நம்பி எந்த ஆம்பிளை கடலுக்குப் போவான் என்றான். பிறகு அந்தக் குரல் வருகிற வாயைப் பற்றி எழுதினான். பிறகு அந்த வாய்க்கு வேறென்ன வேலை கொடுக்கலாம் என்பதைப் பற்றி, ஒரு தொழில்நுட்பக் குறிப்பு எழுதுவதுபோல நிதானமாக, பந்தி பிரித்து எழுதினான்.

தேனுகா அழித்தாள். அவனைத் தடுத்தாள். அடுத்த நாள் 'கேட்டவன்' என்று வந்தான். அதைத் தடுக்க, 'கேட்கிறவன்'. அதையும் தடுக்க, 'கேட்டுக்கொண்டிருப்பவன்'.

அவற்றை வாசிக்கும்போது பெரும்பாலும் அவள் ஹோலில்தான் இருந்தாள். பக்கத்துச் சாய்மனைக் கதிரையில் மாமி, கணவனின் தாய் பத்மாசனி, படுத்திருப்பார். புரை வெட்டிய கண்ணில் கிருமி பிடித்து, அதன்மேல் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. மற்றக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுந்தான் தெரியும். மாமி இப்போது காதால்தான் அந்த வீட்டில் வாழ்ந்தார். அது தெரிந்தும், தேனுகா லப்டொப்பின் திரையைத் தன் பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டாள். வாசித்து முடிய, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி போடட்டோ மாமி என்று கேட்டாள்.

கணவன் லதீசனிடம் அவள் சொல்லவில்லை. அவன் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை உள்ளே இழுத்து வருகிற படகில் வேலை. கடற்சொல்லின் முதல் அழைப்பு வந்த காலையில், போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, இது என்ட மனுசியின்ட குரல் என்று படகு முழுக்கச் சொன்னவன். அவனிடம் இந்த வரிகளை எந்த வாயால் சொல்வது? மறைக்க மறைக்க, அவை தானே எங்கோ செய்த பிழை போல அவளுக்குள் ஊறத் தொடங்கின.

மாரி தொடங்கிய நாளில் ஒலிக் கோப்பு வந்தது.

திருத்தம் என்ற பெயரில் வந்திருந்தது. திறந்தாள். அவளுடைய குரல். காற்று, கரை, கவனம், ஆழம், உள்ளே, வாருங்கள் என்று அவள் பதிந்த சொற்களை எழுத்தெழுத்தாக நறுக்கி ஒட்டிச் செய்த பேச்சு. தொடக்கத்தில் அது திக்கித் திக்கி, பல்லில் கல் கடிபட்டதுபோல வந்தது. போகப் போக ஒட்டுகள் மறைந்தன. குரல் குழைந்தது. கேட்பவன் முன்பு எழுதியவற்றையெல்லாம் இப்போது அவளே, கெஞ்சுவதுபோல, சிரித்துக்கொண்டு சொன்னாள். ஹெட்போனைக் கழற்றவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கை எழவில்லை. முடியும்வரை கேட்டாள். பிறகு குசினிக்குப் போய், உப்புத் தண்ணியால் வாயைக் கொப்பளித்தாள். தான் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தபோது காது மடல் வரை சுட்டது.

தளத்துக்கு முறைப்பாடு செய்தாள். எந்த விதி மீறப்பட்டது, எந்த இடத்தில், என்ன சொல்லப்பட்டது என்று அவர்கள் கேட்டார்கள். ஒவ்வொரு சொல்லையும் அவள் தன் கையாலேயே திரும்பத் தட்டி அனுப்பினாள். வந்த பதில் மரியாதையாக இருந்தது. குரல் கோப்புகளை எவரும் மாற்றலாம் என்ற உரிமத்தின்கீழ் வெளியிட்டவர் நீங்களே என்றும், கணக்குகளைப் பரிசீலிப்போம் என்றும் இருந்தது.

ஷாமிலா அழைப்பெடுத்தாள்.

"தேனு, அதுல என்ன இருக்கெண்டு எனக்கு அனுப்புங்க. நானும் முறைப்பாடு போடுறன். ரெண்டு பேர் போட்டாத்தான் கவனிப்பானுகள்."

"அனுப்ப ஏலாது."

"ஏன்?"

மற்றப் பக்கத்தில் கிண்ணியாவின் மழை கேட்டது.

"அது என்ட குரல், ஷாமிலா."

ஷாமிலா வற்புறுத்தவில்லை. அடுத்த நாள் ஓட்டோ பிடித்து வந்து, அவளைப் பொலிசுக்குக் கூட்டிப்போனாள். அங்கே மேசையில் இருந்தவர், கெட்ட மனிதரல்ல, போட்டுக் காட்டுங்கோ பார்ப்பம் என்றார். அந்த அறையில் இருந்த மற்ற ஆண்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். ஒரு பேனை மூடப்படும் சத்தம் கேட்டது. தேனுகா போனைக் கையில் வைத்துக்கொண்டு, சார்ஜ் முடிஞ்சுது சேர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். ஓட்டோவில் ஷாமிலா அவளுடைய கையைப் பிடித்திருந்தாள்.

அன்றைக்குப் பின்னேரம், தளத்தார் முறைப்பாட்டுக்கு இன்னும் விபரம் வேண்டுமென்று கேட்டிருந்ததால், அவள் அந்தக் கோப்பை மறுபடி திறந்தாள். இந்தமுறை சொற்களைக் கேட்கக்கூடாது, அவற்றின் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்கவேண்டும் என்று மனதைக் கட்டிக்கொண்டு, ஒலியைக் கூட்டி, கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். குரலுக்குக் கீழே ஓர் அறை இருந்தது. அறைக்கு அப்பால் குக்கர் விசிலடித்தது. தகரத்தில் மழை விழுந்தது, அவர்களுடைய குளியலறைத் தகரத்தில் விழுகிற அதே உடைந்த தாளத்தில். எங்கோ தூரத்தில், துறைமுக வாயில், ஒரு கப்பல் நீளமாக ஊதியது. பிறகு ஒரு இருமல். இரண்டாக உடைந்து, கடைசியில் தொண்டையைச் செருமி முடிகிற இருமல்.

மாமியின் இருமல்.

அந்த வருசத்து மாரியின் முதல் மழை அந்தக் கோப்பு வந்த அன்று காலையில்தான் பெய்தது.

அவள் லப்டொப்பின் மைக் துளையில் பிளாஸ்டர் ஒட்டினாள். போனை அரிசி வாளிக்குள் புதைத்தாள். வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். யன்னல் கொக்கிகள், கூரைச் சந்துகள், சாமிப் படத்தின் பின்புறம், மாமியின் பழைய வானொலி எல்லாவற்றிலும் கைவிட்டுத் தேடினாள். தூசியும், ஒரு பல்லி முட்டையின் கோதும் விரலில் ஒட்டின. வேறு ஒன்றுமில்லை.

சல்லிக் கடற்தொழிலாளர் சங்கத் தலைவர் ஆனந்தராசா வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகு ஒரு காலையில். கேற்றடியிலேயே நின்றார். உள்ளே வாங்கோ அண்ணை என்று அவள் கூப்பிட்டபோது, சேட்டில் உப்பு ஒட்டியிருக்கிறது, பரவாயில்லை என்றார். தோணிகள் தள்ளுகிற நேரத்தில் எல்லாருடைய போனும் ஒன்றாக அடித்ததாம். கடல் எப்படி என்று கேட்கத்தான் எல்லாரும் எடுத்தார்களாம். கரைவலைக்கு வந்த ஆட்கள், மீன் வாங்க நின்ற பெண்கள், பள்ளிக்கூடம் போகுமுன் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்களாம். சிலர் வழமைபோல போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்களாம். வந்தது கடல் அறிவித்தல் இல்லையாம். அவர் தன் காற்பெருவிரலால் மணலைக் கிண்டிக்கொண்டே இதையெல்லாம் சொன்னார். ஒருதரமும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்கள் செய்திருக்க மாட்டீங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும், தங்கச்சி," என்றார். "ஆனா பிள்ளையள் கேட்டிட்டுதுகள்."

அவள் மன்னிப்புக் கேட்டாள். தங்களுடைய நம்பர்களையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். காத்து எழும்புகிற காலம் அண்ணை, அறிவித்தல் இல்லாமல் என்ன செய்வீங்கள் என்று அவள் கேட்டாள். நாங்கள் முந்தியும் போனனாங்கள்தானே என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார்.

நம்பர்கள் ஷாமிலாவின் கணினியில் பூட்டுக்குள் இருந்தன. தன் பக்கத்தில் இருந்து ஓர் அழைப்பும் போகவில்லை என்று அவள் நேரில் வந்து அழுதழுது சொன்னாள். தேனுகா பிடுங்கிய வயரைத் திரும்பக் கொழுவி, கடற்சொல்லை முழுதாக அழித்தாள். இத்தனை மாதத்து வேலை ஒரு பொத்தானில் போனது. அழித்த பிறகும், எடுத்துப்போனவர்களின் பிரதிகள் தளத்தில் நின்றன. பக்கம் பக்கமாக. எல்லாம் கேட்பவனின் பெயரைச் சற்றுச் சற்று மாற்றி வைத்த பெயர்கள். எவரும் எடுக்கலாம் என்று எழுதியவள் அவள்தான்.

லதீசன் அன்று வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமல் கதிரையில் இருந்தான். அவள் சோறு போட்டாள். பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. மாமி படுக்கைக்குப் போகும்வரை காத்திருந்தான்.

"உம்மட குரல்தானே அது?"

"குரல் என்ட. நான் சொல்லேல்லை."

அவன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். "படகில ஒருத்தன் போட்டுக் காட்டினவன்," என்றான். பிறகு, மிகவும் மெதுவாக: "நீர் எனக்கு மட்டும் சொல்லுற கதையெல்லாம் அதில கிடக்கு, தேனு. நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் கதைக்கிறது."

அந்தக் கோப்பில் அவை இருக்கவில்லை. அவள் கேட்ட கோப்பில் இருக்கவில்லை. அப்படியானால் இது வேறொன்று. புதிது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். தான் முதல் கோப்பை முடியும்வரை கேட்டதைச் சொல்லாமல் இதைச் சொல்ல ஏலாது என்று தெரிந்தது. வாயை மூடினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் ஹோலில் பாயைப் போட்டுப் படுக்கத் தொடங்கினான்.

அவள் பேசுவதைக் குறைத்தது அப்போதிருந்துதான். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. அவள் வீட்டில் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் ஏதோவொன்று எடுத்துக்கொள்கிறது. சொல்லாவிட்டால் அதற்கு என்ன கிடைக்கும்? கொழும்பு வேலையை எழுத்திலேயே செய்தாள். கடைக்குப் போனால் விரலால் காட்டினாள். கடைக்காரரும் அவளைப் பார்க்காமல் கட்டிக்கொடுத்தார். லதீசனும் அவளும் ஒருவரையொருவர் தாண்டிப் போகும்போது சுவரோடு ஒதுங்கினார்கள். மாமிக்கு மட்டும் சைகை காட்ட முடியாது. மாமி ஏதும் கேட்டால் அவருடைய புறங்கையில் மெல்லத் தட்டினாள். ஓம் என்றால் ஒரு தட்டு. இல்லையென்றால் உள்ளங்கையால் ஒரு தடவல். மாமி ஏன் என்று கேட்பார், கோபிப்பார் என்று பயந்திருந்தாள். மாமி கேட்கவில்லை. நாளாக நாளாக மாமியின் முகம் தெளிந்துகொண்டு வந்தது. சாய்மனைக் கதிரையில் முன்னையவிட நிமிர்ந்து இருந்தார்.

ஒரு பின்னேரம் கண்ணுக்கு மருந்து விடும்போது, மாமி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"முந்தி நீ வேலை வேலையெண்டு லப்டொப்போட கிடப்பாய், பிள்ளை. இப்பத்தான் என்னோட இருந்து நல்லாக் கதைக்கிறாய். எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே?"

தேனுகாவின் கையில் இருந்த மருந்துத் துளி மாமியின் கன்னத்தில் விழுந்து வழிந்தது.

அன்றிலிருந்து அவள் கவனிக்கத் தொடங்கினாள். குசினியில் அவள் தேங்காய் துருவும்போது ஹோலில் ஒரு முணுமுணுப்பு. துருவலை நிறுத்தினால் அதுவும் நிற்கும். துருவினால் தொடங்கும். கிணற்றடியில் வாளியை இறக்கும்போது உள்ளே இருந்து மாமியின் சிரிப்பு. ஈரக்காலோடு ஓடி வந்து பார்த்தால், மாமி தனியே. கட்டிய கண்ணோடு முகத்தை மூலைப் பக்கம் திருப்பி, சொல்லி முடித்த கதையின் மிச்சச் சிரிப்பு உதட்டில் நிற்க, அடுத்ததைக் கேட்கக் காத்திருப்பவர்போல. அந்த மூலையில் ஒன்றுமில்லை. ஒரு கதிரை. அதன் இருக்கை சூடாக இருந்தது. வெயில் படாத மூலை.

தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் மறைந்து நின்று, தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். காய்ந்த ஓலை உரசியதுபோல ஏதோ வந்தது. இருமினாள். மறுபடி சொன்னாள். இந்தமுறை அதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தொண்டையைக் காட்டலாம். என்ன நடந்தது என்று டொக்டர் கேட்பார். எழுதிக் காட்டவேண்டும். எங்கிருந்து தொடங்குவது? திருகோணமலையில் அந்த அழைப்பைக் கேளாத டொக்டர் இருப்பாரா? அவள் போகவில்லை. ஷாமிலா போன் எடுத்தபடியே இருந்தாள். அரிசி வாளிக்குள் அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. பிறகு ஒருநாள் அழைப்புகள் நின்றன. ஷாமிலாவுக்குக் கோபமாக்கும் என்று தேனுகா நினைத்தாள். வாளிக்குள் இருந்து போனை எடுத்துப் பார்த்தாள். கடைசி அழைப்பு ஏற்கப்பட்டிருந்தது. நெடுநேரம் கதைத்திருந்தார்கள். கீழே ஷாமிலாவின் செய்தி: 'உங்கட குரலைக் கேட்டதே பெரிய நிம்மதி தேனு. இப்படியே சிரிச்சுக்கொண்டு இருங்க.'

மார்கழி மழை விடாமல் பிடித்த ஒரு பின்னேரம், இருட்டுமுன்பே இருட்டியது. லதீசன் வேலையால் வந்து ஹோலில் இருந்தான். துறைமுகப் பக்கம் ஒரு மின்னல். கரண்ட் போனது. பின் இறக்குக் கூரைக்குக் கீழே கொடியில் கிடந்த உடுப்புகளில் தூவானம் அடிக்கிறதே என்று தேனுகா குசினிக் கதவால் இறங்கினாள். மாமியின் சீலையை ஒரு கையில் சுருட்டினாள். லதீசனின் சேட்டை மறுகையில் எடுத்தாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றாக்கும்.

தாழ்ப்பாள் விழுந்தது.

காற்று தாழ்ப்பாள் போடாது. அவள் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. உடுப்புகளைப் போட்டுவிட்டு, மதிலோடு ஒட்டி, சேற்றில் கால் புதைய, ஹோல் யன்னலடிக்கு வந்தாள். யன்னற்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டுக்குள் இருட்டாக இரண்டு உருவங்கள். சாய்மனையில் மாமி. கதிரையில் லதீசன், தலை குனிந்தபடி.

"இஞ்சருங்கோ."

அவளுடைய குரல். உள்ளே. அவனுக்கு மிகப் பக்கத்தில். ஒட்டு ஒன்றும் இல்லாமல், எந்த இடத்திலும் திக்காமல்.

லதீசன் நிமிர்ந்தான்.

"எல்லாம் நான்தான் செய்தனான்," என்றது குரல். "ஒருத்தனும் இல்லை. நானே எழுதினனான், நானே கதைச்சனான். வெக்கத்தில உங்களிட்டச் சொல்லேல்லை. என்னை மன்னியுங்கோ."

இல்லை என்று தேனுகா நினைத்தாள். இல்லை. லதீசனின் தோள் குலுங்கியது. அவன் அழுது அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"பரவாயில்லை, தேனு," என்றான். "நீர் வாய் திறந்து சொன்னதே எனக்குப் போதும்."

அவள் யன்னலில் அடிக்கக் கையை ஓங்கினாள். பக்கத்து வீட்டு விறாந்தையில் ஒரு மெழுகுதிரி எரிந்தது. கரண்ட் இல்லாததால் வீட்டோடு வெளியே வந்து இருந்தார்கள். தகப்பன், தாய், வளர்ந்த பெடியன்கள். ஒருவன் திரும்பிப் பார்த்தான். அவர்களும் அந்த அழைப்பைக் கேட்டவர்கள். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, தன் வீட்டு யன்னலில் ஓங்கிய கையோடு அவள் நின்றாள். கை இறங்கியது. சட்டையை இழுத்துப் பிடித்தது. அவள் தயங்கியது அவ்வளவு நேரந்தான். பிறகு, என்ன வந்தாலும் வரட்டும் என்று, வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது.

காற்று மட்டும்.

மறுபடி. தொண்டை நரம்புகள் புடைக்க. ஒன்றுமில்லை.

"யன்னலடியில ஆரோ நிக்கினம்," என்றது உள்ளே அவளுடைய குரல்.

ரோச் லைற் வெளிச்சம் எழும்பி, சுவரைத் தடவி, கம்பிகளுக்கிடையால் வந்து அவளுடைய முகத்தில் நின்றது. லதீசன் கம்பிக்கு அந்தப் பக்கம். கை நீட்டினால் தொடுகிற தூரம். அவள் தன் தொண்டையைக் காட்டினாள். வாயைக் காட்டினாள். தாலியை எடுத்துக் காட்டினாள். அவன் பார்த்தான். அவனுடைய கண்ணில் பயம் இருக்கவில்லை. கோபமும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பெண் நனைந்த உடுப்போடு நிற்பதைத் தவறிக் கண்டுவிட்ட மரியாதையான மனிதனைப் போல, அவன் பார்வையை நிலத்துக்குத் தாழ்த்தினான்.

"ஆரெண்டு தெரியேல்லை," என்றான், உள்ளே திரும்பி. "பாவம். மழைக்கு ஒதுங்கியிருக்கும்."

"சாத்திட்டு வாங்கோ. மாமிக்குக் குளிர்."

வெளிச்சம் அவளை விட்டுத் திரும்பியது. ஹோலை ஒருதரம் கடந்தது. சாய்மனைக் கதிரை. மாமியின் கட்டிய கண். மாமியின் மடி. அந்த மடியில், மாமியின் இரண்டு கைகளுக்கும் நடுவில், கதிரைக்குப் பின்னாலிருந்த இருட்டிலிருந்து நீண்டு வந்த இன்னொரு கை இருந்தது. நகமில்லாத நீளமான விரல்கள். மாமி அதை ஆசையோடு தடவிக்கொண்டிருந்தார். அது அவருடைய புறங்கையில் மெல்ல ஒரு தட்டுத் தட்டியது.

லதீசன் யன்னலைச் சாத்தினான்.